காளியப்பன் கழுவிய ஆறு

உலு திராமில் காளியப்பனிடம் யாரும் ஆற்றைப் பற்றி வாயைத் திறந்துவிடக் கூடாது. திறந்தால் போச்சு! முன்னால் இருக்கும் தே தாரேக் தேநீர் ஆறி ஆடை கட்டினாலும் மனிதர் நம்மை விடமாட்டார்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை விற்றதும் மணல் லோரி ஓட்டப் போனார். எங்கள் ஊர் எதைத் தின்று வளர்ந்தது என்று நினைக்கிறீர்கள்? முதலில் ரப்பர், அப்புறம் செம்பனை, அப்புறம் ஆற்று மணல். அந்த மணலை அள்ளித்தான் ஜோகூர் பாருவில் மாடிக்கு மேல் மாடி எழுப்பினார்கள். அதில் எத்தனையோ லோடு காளியப்பனின் லோரியில் போனது. கடைசியில் ஆறு பால் ஊற்றிய கோப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. செம்பனை ஆலைக் கழிவும் சேர்ந்து நாறியது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. ‘இதில் நமக்கும் பங்கு உண்டே’ என்ற உறுத்தல் வேறு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆற்றில் இறங்கினார். எங்கள் வீடமைப்புத் தாமான் ஆட்களைத் திரட்டி மாதாமாதம் கோத்தோங் ரோயோங், ஊர் கூடிச் செய்யும் துப்புரவு. அவரோடு லோரி ஓட்டிய ஐயாசாமி முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். டயர், மெத்தை, உடைந்த ஃப்ரிட்ஜ் என்று ஆற்றிலிருந்து ஒரு வீட்டுச் சாமானே வெளியே வந்தது. புகார் மேல் புகார் போட்டு ஆலைக் கழிவையும் நிறுத்த வைத்தார். மணல் அள்ளுவதும் நின்றது. தண்ணீர் தெளிந்தது. தனி மனிதர் இவ்வளவு செய்தால் பெருமைப்பட வேண்டியதுதான், யார் இல்லை என்றது?

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

இங்கே மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் ஈக்கான் பண்டாராயா ஒன்று கட்டாயம் இருக்கும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும் கறுப்பு மீன். ஊரைக் கூட்டிப் பெருக்கும் மாநகராட்சி ஆள் மாதிரி என்பதால் அந்தப் பெயர். தொட்டிக்கு மேல் வளர்ந்துவிட்டால் வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள். “எங்கிட்ட கொடுங்க, ஆத்துல போய் வேலை செய்யட்டும்” என்று காளியப்பன் வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு துப்புரவும் முடிந்ததும் கரையில் கற்பூரம் ஏற்றி, அந்த மீன்களைத் தண்ணீரில் விடுவார்கள். தீபாவளிக்கு வீடு கழுவும் சமயத்தில் வாளி வாளியாக வரும். புண்ணியம் என்று எல்லோரும் கும்பிட்டார்கள்.

இந்த வருடம் அவர் மகள் லோஷினிக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளை எடுத்தார்கள். தையல் ஆற விரால் சூப் கொடுப்பது இங்கே தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோருக்கும் வழக்கம். ஆஸ்பத்திரியில் மகள் தலையைத் தடவிக்கொண்டு காளியப்பன் சொன்னார்: “பசாருல விக்கிற விரால் வேணாம்மா. அதுங்க குளத்துல தீனி போட்டு வளர்த்தது. அப்பா நம்ம ஆத்துலேருந்தே பிடிச்சிக்கிட்டு வர்றேன்.” இதைத் தாமான் முழுக்கவும் சொல்லி வைத்தார்.

அந்த வாரம்தான் ஸ்கூடாய் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் விஜிதா வந்தாள். ஆறுகளின் ஆரோக்கியத்தைப் பரிசோதிக்கும் ஆராய்ச்சியாளர். கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தவள் முகம் மலர்ந்தது.

“அங்கிள், தண்ணி ரொம்ப நல்லா இருக்கு. ஆக்ஸிஜன் இவ்ளோ இருக்கும்னு நான் எதிர்பார்க்கவே இல்ல.”

“போச்சு லா” என்றார் ஐயாசாமி. “இனிமே இவன தரையில பார்க்க முடியாது.”

காளியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. விஜிதா சிரித்தாள். “தண்ணி பாஸ். இனி அதுல யாரு குடியிருக்காங்கன்னு பார்க்கலாம்.”

முந்தின நாள் மாலை விராலுக்காகக் கட்டிய வலைகளில் முதலாவதைத் தாமான் ஆட்களும் சேர்ந்து இழுத்தார்கள். கனத்தது. ‘விரால்தான், வேறென்ன’ என்று காளியப்பன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இழுத்தார். மேலே வந்ததைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

எல்லாம் கறுப்பு. ஓடு போர்த்திய மாதிரி முதுகு, முள் விரித்த செட்டை, அடியில் உறிஞ்சும் வாய். ஒன்றன் மேல் ஒன்றாக வலையில் சிக்கிக் கிறீச் கிறீச்சென்று கத்தின. முழங்கை நீளத்துக்கு இருந்தன சில. அடுத்த வலையிலும் அதுவே. அதற்கடுத்த வலையிலும் அதுவே. விரால் இல்லை, கெளுத்தி இல்லை, ஒரு பொடி மீன்கூட இல்லை.

“அலமாக்!” என்றார் ஐயாசாமி.

விஜிதா ஒரு குச்சியைக் கரையில் இருந்த பொந்துக்குள் விட்டாள். குச்சி முழுசாக உள்ளே போனது. மெல்ல மிதித்ததும் மண் பொத்தென்று சரிந்தது. கரை நெடுக அப்படிப் பொந்துகள்.

“இதுங்க குடைஞ்ச பொந்து. இந்த ஊரு மீனே இல்ல அங்கிள் இது. மத்த மீனோட முட்டையத் தின்னுடும், தீனியையும் காலி பண்ணிடும். இத சாப்பிடறதுக்கு இங்க எதுவும் இல்ல.” அவள் குரல் தாழ்ந்தது. “யாரோ வருஷக்கணக்கா விட்டிருக்காங்க. யாருன்னு தெரியுமா?”

ஐயாசாமி முந்திக்கொண்டார். “சிங்கப்பூர்க்காரனுங்க டாக்டர். லீவுல வந்து கொட்டிட்டுப் போயிருப்பானுங்க.”

சுற்றி நின்ற தாமான் ஆட்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். எல்லோரும் பொய்யைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். காளியப்பன் வலையையே பார்த்தார். லோரி ஓட்டி மணல் வாரிய பாவி காலத்தில்கூட இந்த ஆற்றில் விரால் இருந்ததே! கழுவி, கும்பிட்டு, கற்பூரம் காட்டிய காலத்திலா அது செத்தது?

“நாந்தாம்மா விட்டேன்” என்றார்.

விஜிதா குச்சியைக் கீழே போட்டாள். “திரும்ப ஆத்துல மட்டும் விடாதீங்க அங்கிள்” என்றாள்.

“அப்ப என்ன செய்யறது?”

“கொன்னு புதைக்கணும். இன்னிக்கு மட்டுமில்ல, விடாம பிடிக்கணும். அதுக்கப்புறம்தான் மத்த மீனுக்கு வழி.”

அவர் ஒரு கட்டையை எடுத்தார். முதல் அடியில் அந்த மீன் சாகவில்லை. இரண்டாவதுக்கும் சாகவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு விட்டதைக் கட்டையால் அடிக்கிறோமே என்று மனிதர் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே அடித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கட்டை தேடப் போனார்கள்.

அப்போது கைப்பேசி அடித்தது. லோஷினி.

“அப்பா, மீன் கெடச்சிச்சா?”

“கெடச்சிச்சும்மா.” காளியப்பன் மூக்கை உறிஞ்சினார். “வலை கிழியற அளவுக்குக் கெடச்சிச்சு.”

“ஐயோ, அவ்ளோவாப்பா? நான் ஒருத்தி எவ்ளோதான் சாப்பிடறது? பக்கத்துக் கட்டில்காரங்களுக்கும் கொடுக்கலாமே!”

“அதுல ஒண்ணுகூட ஆத்து மீன் இல்லம்மா” என்றார் அவர். “அத்தனையும் அப்பா விட்டது.”