கடப்பா என்று சொன்னேன்

கல்லூரியில் நிலவியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, சவரக்கத்தி தீட்டும் இயற்கைக் கற்களைச் சேர்ப்பதில் பைத்தியமானேன். அதனால்தான் சென்ற ஆண்டு என் மகளின் மாமனார், துறையூரிலிருந்து ஒரு கறுப்புக் கல்லைத் துண்டில் சுற்றி ஸ்ரீரங்கத்துக்கு எடுத்து வந்தார்.

"எங்கப்பா சவரக்கத்தி தீட்டுன கல்லு சம்பந்தி. சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தேம்பாரு. அவரு விட்ட கதையில இதுவும் ஒண்ணுன்னு என் தம்பி சிரிக்கிறான். நீங்க பாத்துச் சொல்லிட்டா அவன் வாயை அடைச்சிடலாம்."

ஓரத்தில் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டேன். நம் வீடுகளில் பதிக்கும் கடப்பா ஒரு சுண்ணாம்புக் கல். அமிலம் பட்டால் நுரைக்கும். இது நுரைக்கவில்லை. தண்ணீர் தெளித்தால் உறிஞ்சாமல் மேலேயே நின்றது. என் கத்தியை வைத்து இழுத்தேன், கரகரப்பே இல்லை. பிறகு முன்கை முடியில் வைத்ததும் முடி உதிர்ந்தது. சிலேட்டு இனத்தைச் சேர்ந்த மிக நுண்ணிய பலகைக்கல். இந்தப் பக்கத்தில் எங்கும் அப்படியொன்றை நான் பார்த்ததில்லை. என்னிடம் இருந்த எதுவும் அதற்கு ஈடில்லை.

"கடப்பாதான் சம்பந்தி," என்றேன்.

"அப்படின்னா நீங்களே வச்சுக்குங்க" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம்தான் தொங்கிப்போயிற்று. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லை வெறும் கையில் எடுத்துப் போனார்.

இந்த ஆடி அமாவாசைக்கு அண்ணன் தம்பி இருவரும் அம்மா மண்டபத்தில் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு, மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"ஏண்ணே, வாஷிங் மெஷின் ஆடுதுன்னீங்களே, நின்னுச்சா?" என்றார் தம்பி.

"நின்னுடுச்சுடா. அந்தக் கல்லைத்தான் அடியில குடுத்திருக்கேன்."

"சிங்கப்பூர் வரைக்கும் போயி கடப்பா வாங்கிட்டு வந்த ஒரே ஆளு நம்ம அப்பாதான்!"

என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சம்பந்தியும் சிரித்தார். காலையில் எள்ளும் தண்ணீரும் விட்ட கையால் ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"அது கடப்பா இல்லீங்க," என்றேன். "நம்ம பக்கத்துக் கல்லே இல்ல. அப்பா பொய் சொல்லல."

"அப்ப அன்னிக்கு?" என்றார் சம்பந்தி.

"தெரிஞ்சேதான் சொன்னேன். ஒண்ணுக்கும் உதவாத கல்லுன்னா எங்கிட்டயே விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன்."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். அதை நினைக்கும்போதுதான் உடம்பு கூசுகிறது.

தம்பி இலையைப் பார்த்தபடி கேட்டார்: "இது நெஜமா சம்பந்தி? இல்ல, நான் கேலி பண்ணேன்னு அண்ணனுக்காகச் சொல்றீங்களா?"

"நெஜந்தாங்க."

"அன்னிக்கும் இப்படித்தானே அடிச்சுச் சொன்னீங்க."

மனைவி மோர்ப் பாத்திரத்தோடு நின்றாள். அதற்குள் சம்பந்தி எழுந்துவிட்டார். இலையில் பாதிச் சோறு இருந்தது.

"இருக்கட்டும் சார்," என்றார் என்னிடம். "வேற யார்கிட்டயாவது காட்டிக் கேட்டுக்கறோம்."

அதுவரை அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டதில்லை.