கறுப்பாய்த் தெரிந்த கூறைச்சேலை

என் அண்ணன் விளம்பரப் படம் எடுக்க ஆரம்பித்தபோது, அப்படியொரு தொழில் இருப்பதே மதுரையில் பலருக்குத் தெரியாது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர், கையால் சுற்றுகிற பழைய படக் காமிரா ஒன்றை வாங்கிக்கொண்டு தனியே வந்துவிட்டார். முதலில் கிடைத்ததெல்லாம் கண்ணாடிச் சிலைடுகள்தாம். பல்பொடி, குடை, காப்பித்தூள். கொட்டகைகளில் படம் தொடங்குமுன் அவற்றைத் திரையில் காட்டுவார்கள். வாசகம் முழுவதும் நான் எழுதியது. அண்ணனுக்குக் கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நான் எழுதின பல்பொடி வாசகத்தைச் சிம்மக்கல்லில் யாரோ சொல்லிக்கொண்டு போனதைக் கேட்ட அன்று வீடு வரைக்கும் தரையைப் பார்க்காமல் நடந்தேன்.

சிலைடு வருமானம் அப்பாவுக்குப் போதவில்லை. தை மாதத்துக்குள் இந்தத் தொழில் காலூன்றாவிட்டால் காமிராவை விற்றுவிட்டு மாமாவின் அரிசிக்கடையில் தராசு பிடிக்கப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் சரி என்றார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜவுளி முதலாளி ஒருவர் ஓடுகிற படமாகவே ஒரு விளம்பரம் எடுத்துத் தரச் சொன்னார். கல்யாணப் பெண் கூறைச்சேலை கட்டி நடந்து வர வேண்டும். முந்தானை நன்றாகத் தெரிய வேண்டும். கடைசியில் கடையின் பேர். நாடகத்தில் நடிக்கும் ஓர் அம்மாள் மணப்பெண்ணாக வந்தார். சேலை நல்ல குங்குமச் சிவப்பு. நாகமலைப் பக்கம் ஒரு தோப்பில் இரண்டே நாளில் எடுத்து, பிலிமைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கினோம். எங்கள் வீட்டுச் சுவரில் அதை ஓட்டிப் பார்த்தபோது அண்ணன் கண்கலங்கினார். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது.

முதலில் உசிலம்பட்டியில் ஒரு டூரிங் கொட்டகையில் காட்டினோம். சந்தை நாள். கொட்டகை நிறைந்திருந்தது. முதலாளியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொட்டகைக்காரரின் வீட்டாருக்குப் பரிசாகக் கொடுப்பதற்கென்று முதலாளி அதே கூறைச்சேலையைப் பையில் வைத்திருந்தார். நான் ஆண்களையும் பெண்களையும் பிரித்த மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம், பெண்களோடு மணலில் உட்கார்ந்திருந்தேன்.

மணப்பெண் திரையில் நடந்து வந்தாள். முதலில் ஆச்சரியத்தில் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அப்புறம் எனக்குப் பக்கத்தில் கைப்பிள்ளையோடு இருந்த ஒருத்தி கேட்டாள்.

“யாத்தே, கல்யாணத்துக்குக் கருப்புச் சீலையா கட்டியிருக்கா?”

“மாப்பிள்ள வீட்டுல வேற சீலையே கெடைக்கல போலருக்கு” என்றாள் பின்னாலிருந்தவள். சிரிப்பு பரவியது. ஒரு கிழவி மட்டும் சிரிக்காமல், அபசகுனம் என்று தன் பேத்தியின் கண்ணைக் கையால் பொத்தினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்து பிலிம் சிவப்பைப் பார்க்காது. சிவப்பெல்லாம் கறுப்பாகத்தான் விழும். ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கை எரியவிட்டே பிலிமைக் கழுவினதும் அதனால்தான். அண்ணன் எத்தனையோ கல்யாணப் படம் எடுத்தவர். படத்தில் கறுப்பைப் பார்த்தால் அவர் கண் தானாகவே சிவப்பு என்று எடுத்துக்கொள்ளும். வீடெல்லாம் போட்டோ கிடந்ததால் எனக்கும் அப்படியே பழகிவிட்டது. இந்தப் பெண்களில் பலர் வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர்கள் கண்டது கறுப்பு, கறுப்பென்றே சொன்னார்கள்.

விளம்பரம் முடிந்து, ரீல் மாற்றுவதற்காக விளக்கைப் போட்டார்கள். நான் அவர்களிடம், “அது கருப்பில்லைங்க, செகப்பு. படம் பிடிக்கிற பெட்டிக்குச் செகப்பு தெரியாது” என்றேன்.

கைப்பிள்ளைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க வீட்டு மாட்டுக்கே செகப்பு தெரியிது. அம்புட்டுக் காசு போட்டுக் குருட்டுப் பெட்டியவா வாங்குனீக?”

“செகப்புன்னா கொண்டாந்து காட்டு, பாப்போம்” என்றாள் பின்னாலிருந்தவள்.

நான் எழுந்து தட்டியைச் சுற்றிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனேன். பல பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றிருந்தேன். முதலாளி எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரே அண்ணன் தலைகுனிந்து நின்றார்.

“என் கடைய கருமாதிக் கடையாக்கிட்டியேப்பா” என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இனி ஒரு கொட்டகையிலும் அதைக் காட்டக் கூடாது என்றார்.

நான் பையிலிருந்த சேலையைக் கேட்டேன். எதற்கு என்றார். “அவுக கேக்குறாக” என்றேன். என்ன நினைத்தாரோ, எடுத்துக் கொடுத்தார்.

பெண்கள் பக்கம் வந்து, கியாஸ் விளக்கின் கீழே சேலையை விரித்தேன். கைப்பிள்ளைக்காரி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். முந்தானை நீண்டு, வரிசை வரிசையாகக் கைமாறிப் போனது. கரையைக் கசக்கிப் பார்த்தார்கள். சாயம் போகுமா என்றார்கள். கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டார்கள். கிழவி தன் பேத்தியின் தோளில் அதைப் போட்டுப் பார்த்தாள். ரீல் மாட்டி முடிந்தும் சேலை திரும்பி வரவில்லை. கொட்டகைக்காரர் இருமுறை மணி அடித்தார். தட்டிக்கு மேலே தெரிந்த முதலாளியின் தலை அங்கேயே நின்றது.

படம் விட்டு வெளியே வந்ததும் முதலாளி அண்ணனிடம், “அடுத்த சந்தைக்குத் திருமங்கலத்துல காட்டு. சீலைய நான் தாரேன். ஆனா தங்கச்சியும் வரணும்” என்றார். இன்னும் இரண்டு விளம்பரப் படத்துக்கும் விலை பேசி முடித்தார்.

பஸ்ஸில் அண்ணன் படச்சுருளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நாகமலை தாண்டியதும், “என் படத்தப் பாத்து ஒருத்தியும் கடையக் கேக்கல பாப்பா. ஒன் கையில இருந்த சீலையப் பாத்துல்ல கேட்டாக” என்றார்.

“படத்தக் காட்டாட்டி அவுக எதுக்குண்ணே சீலையக் கேக்கப் போறாக?” என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் அம்மாவிடம் சோறு கேட்டார்; இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பா கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அரிசிக்கடைக்கு நடந்து போய், தராசு பிடிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தார்.