நாலு டயருக்கும் காற்று

இது நடந்தது. எனக்கு நடந்தது. பொழுது போகாமல் நான் கட்டிய கதை என்று என் மருமகளே சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"அத்தை, மழை, இருட்டு, வயசு... மூணும் சேர்ந்தா யாருக்கும் இப்படித்தான் தோணும்."

"எனக்குத் தோணினது சரி. என் அக்காவுக்கும் அதே நேரத்துல அதே மாதிரி தோணுமா?"

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தைரியம் இருப்பவர்கள் படியுங்கள்.

அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஒரு பழைய கார் வைத்திருந்தார். நீள மூக்கு. உருண்டைக் கண்ணாக இரண்டு விளக்கு. முகம் பார்க்கலாம் போல மின்னும் பம்பர். அவர் வாங்கும்போதே அது கிழட்டு வண்டிதான். ஆனாலும் தெருவே வந்து பார்த்தது. நான்கைந்து வருஷம் ஓடியது. பிறகு ஏதோ ஒரு உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே நிறுத்தினார். நின்றது நின்றதுதான்.

"அடுத்த மாசம் எடுத்துடுவேன்" என்று இருபது வருஷம் சொன்னார். நல்ல விலைக்குக் கேட்டு வந்தவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார். பெயின்ட் செதில் செதிலாக உரிந்தது. முன்பக்கக் கம்பிகளுக்குள் கொடி நுழைந்து, பானெட்டின் இடுக்கு வழியாக வெளியே வந்தது. நாலு டயரும் காற்றிறங்கி, வண்டி தரையோடு உட்கார்ந்துவிட்டது.

"இதுக்கு ஒரு சக்களத்தியக் கட்டிட்டு வந்திருந்தா, அவளாவது ஒரு வேளை சமைப்பா" என்பாள் அக்கா.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம், அந்த வண்டிக்குள்ளேயே அத்தானின் உயிர் போனது. மாரடைப்பு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போய்விட்டார் என்றார்கள். ஆசைப்பட்ட இடத்திலேயே போனார் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அன்றைக்கு அடைத்த கதவுகள்தான். பிறகு துரு ஏறி ஒட்டிக்கொண்டன. யார் இழுத்தும் திறக்கவில்லை.

போன மழைக்காலத்தில் எதிர்வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். பழைய கம்பவுண்டர். அன்றைக்கு வண்டிக்குள் அத்தானை முதலில் போய்ப் பார்த்தவர் அவர்தான்.

"அம்மா, உங்க அக்காவை வந்து கூட்டிட்டுப் போங்க."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"ஆள் பாதியாப் போயிட்டாங்க. அது கிடக்கட்டும். பொழுது சாய்ஞ்சா வண்டிகிட்ட நின்னு பேசறாங்க."

"தனியா இருக்கறவ. பேசினாப் பேசிட்டுப் போறா."

"பேசறது தப்பில்லம்மா... பதில் சொல்ற மாதிரிப் பேசறாங்க."

மறுநாளே கிளம்பிப் போனேன். அக்காவைப் பார்த்தேன். கழுத்தெலும்பு தனியாகத் தெரிந்தது. தட்டில் போட்டதில் நாலு வாய்கூட இறங்கவில்லை. இவளை இப்படியே விட்டால் அடுத்த மழையைப் பார்க்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி போனால்தான் இவள் வாசலை விட்டு நகருவாள். பழைய இரும்புக்கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"காலையில வந்து எடுத்துக்கறேம்மா. டயர்ல மட்டும் காத்தடிச்சு வைங்க. உருட்டி வெளிய கொண்டு வர்றது சுலபம்."

மத்தியானம் அக்கா அசந்து தூங்கினாள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரை வரவழைத்தேன். பம்பைச் சுமந்து வந்தவர் வண்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பாட்டி, ஊர்வலம் போகப் போறீங்களா?"

"பாட்டின்னா காசு குறைச்சுத்தான் கொடுப்பேன்."

"சரிங்க அக்கா."

ஒவ்வொரு டயராகக் காற்று ஏறியது. வண்டி மெல்ல மெல்லத் தரையிலிருந்து எழுந்தது. நெடுநாள் படுக்கையில் கிடந்த ஒருவர் கையை ஊன்றி எழுந்திருப்பது போல. எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

"ரப்பர் வெடிச்சுக் கிடக்கு. காலை வரைக்கும் தாங்கும். அப்புறம், சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லையும் எடுத்துட்டேன்." கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "உள்ள யாராச்சும் உட்காருவாங்களா?"

"கதவே திறக்காதே."

"எல்லா இடத்துலயும் விரல் கனத்துக்குத் தூசி. ஸ்டியரிங் மட்டும் தொடைச்சு வெச்ச மாதிரி இருக்கே."

நான் எட்டிப் பார்க்கவில்லை. காசைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆறு மணிக்கு மேல் மழை பிடித்தது. சமையலறை ஜன்னலைச் சாத்தப் போனேன். அங்கிருந்து பார்த்தால் நேரே வண்டிதான். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. மழைக்கு அப்படித்தான் படியும் என்று நினைத்தேன். அப்புறம் உறைத்தது...

ஆவி உள்பக்கத்தில் இருந்தது.

ஆள் உள்ளே மூச்சு விட்டால் படிகிற ஆவி.

"அக்கா!" என்று கூப்பிட்டேன். அவள் அறையை விட்டு வந்தாள். தலை வாரியிருந்தாள். நல்ல புடவை. கையில் ஹேண்ட்பேக்.

"எங்கடி கிளம்பிட்ட?" பயத்தில் அக்காவையே 'டி' போட்டுக் கூப்பிட்டுவிட்டேன்.

"எங்கேயும் இல்ல. சும்மா."

"சும்மாவுக்கு எதுக்கு ஹேண்ட்பேக்?"

அவள் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

"அவர் கூப்பிடறார்."

"யாரு?"

"வேற யாரு? தினம்தான் கூப்பிடறார். வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்னு. நானும் எத்தனை நாள்தான் சாக்கு சொல்றது?"

"என்ன சாக்கு?"

"டயர்ல காத்து இல்லையே, எப்படிப் போறதுன்னு கேட்பேன். அவரும் சரி, நாளைக்குப் பார்ப்போம்னுடுவார். மூணு வருஷமா அதைச் சொல்லித்தான் தள்ளிட்டு வந்தேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்கு நீ நாலு டயருக்கும் காத்தடிச்சு வெச்சுட்டியே... இனிமே நான் என்னடி சொல்லுவேன்?"

மின்சாரம் போனது. ஏழு பத்து. சுவர்க் கடிகாரத்தைக் கடைசியாகப் பார்த்தேன்.

"அக்கா, உட்காரு. மெழுகுவத்தி ஏத்தறேன்."

தடவித் தடவித் தீப்பெட்டியைத் தேடினேன்.

"அக்கா?"

வாசல் கதவு திறக்கும் சத்தம். மழை உள்ளே இரைந்தது.

ஓடினேன். ஓடினேன் என்றால், என் முழங்காலுக்கு ஓட்டம். அக்கா படியிறங்கி நின்றிருந்தாள். வண்டிக்குள் மங்கலாக ஒரு வெளிச்சம். மஞ்சளாக, அணையப் போகிற டார்ச் போல. பேட்டரியே இல்லாத வண்டி.

அந்த வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளிருந்து ஒரு கை ஆவியைத் துடைத்தது. உள்ளங்கை அகலத்துக்கு, வட்டமாக.

கையை மட்டும்தான் பார்த்தேன்.

'கிர்ர்ர்...' என்றது எஞ்சின். ஒருமுறை. இன்னொரு முறை. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. பானெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கொடி நடுங்கியது.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்து சீட்டின் கதவு... 'டக்' என்றது.

திறந்தது.

மூன்று ஆண்பிள்ளைகள் இழுத்தும் திறக்காத கதவு, ஒரு முனகல்கூட இல்லாமல், எண்ணெய் போட்டது போல.

"வந்துட்டேங்க" என்றாள் அக்கா.

இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். நாலு வாய் சாப்பிடாதவள் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"அத்தான்! விடுங்க அவளை!" என்று கத்தினேன்.

எஞ்சின் சத்தம் கொஞ்சம் தணிந்தது. யாரோ காது கொடுத்துக் கேட்பது போல. பிறகு பழையபடி உறுமியது.

வண்டி நகர்ந்தது. ஒரு சாண். எங்களை நோக்கி.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. காற்று. காற்று இல்லையென்றால் அவள் போக வேண்டாம். மூன்று வருஷமாக அது ஒத்துக்கொண்ட ஒரே சாக்கு.

அக்காவை விட்டேன். விட்டால்தான் முடியும். முன்சக்கரத்தருகே மண்டியிட்டேன். வால்வு மூடியைத் திருகினேன். விரல் வழுக்கியது. கொண்டையிலிருந்து ஊசியை உருவினேன்.

தலைக்கு மேலே திறந்த கதவு. சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிட்டது. உள்ளே யாரோ இந்தப் பக்கமாகச் சாய்ந்தார்கள்... என்னைக் குனிந்து பார்க்க.

நான் நிமிரவில்லை.

அக்காவின் ஒரு கால் ஏற்கெனவே உள்ளே இருந்தது.

ஊசியை அழுத்தினேன்.

புஸ்ஸ்ஸ்...

என் காதுக்கு மிக அருகில் ஒரு மூச்சு. சூடில்லாத மூச்சு. துரு வாடை.

அழுத்தினேன்.

புஸ்ஸ்ஸ்ஸ்...

வண்டி என் பக்கமாகச் சரிந்தது.

"ச்சு" என்றது யாரோ.

சலிப்போடு. அவ்வளவுதான்.

எஞ்சின் நின்றது.

மழை மட்டும்.

அக்கா காலை வெளியே எடுத்தாள். ஈரத் தரையில் உட்கார்ந்தாள். கதவைப் பார்த்து, ஏதோ தன்மேல்தான் தப்பு என்பது போலச் சொன்னாள்:

"காத்து போயிடுச்சுங்க... இன்னைக்கு முடியாதுங்க."

கதவு தானாக மூடிக்கொண்டது. மெதுவாக.

விடிய விடிய அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் இரும்புக்கடைக்காரர் வந்தார். ஒரு டயர் இறங்கிக் கிடப்பதைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு, கிரேனை வரவழைத்துத் தூக்கினார். கதவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அக்கா ஜன்னலை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி தெரு திரும்பியதும், "பசிக்குதுடி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். கன்னத்தில் சதை வைத்துவிட்டது. என் மருமகளோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறாள். அத்தான் என்னதான் இருந்தாலும் ஆசையாகத்தானே கூப்பிட்டார் என்று என் மனம்கூடக் கொஞ்சம் ஆறியிருந்தது.

போன வாரம் கம்பவுண்டர் அக்காவைப் பார்க்க வந்தார். அவள் உள்ளே காபி போடப் போயிருந்தாள். நான் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாவம் அத்தான். ஸ்டியரிங்கப் பிடிச்சபடியே போனவர். தனியாப் போக மனசு வரலை போல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"அப்படிச் சொன்னது நாங்கதாம்மா."

"எப்படி?"

"ஸ்டியரிங்கப் பிடிச்சிருந்தார்னு. கேட்கறதுக்கு ஆறுதலா இருக்குமேன்னு சொன்னோம். உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம்..."

"என்ன தெரிய வேண்டாம்?"

"அவர் ஸ்டியரிங் பக்கத்துலயே இல்ல. பக்கத்து சீட்ல இருந்தார். சட்டை மாத்தி, ஷூவெல்லாம் போட்டு, வெளிய கிளம்பின மாதிரி. கை ரெண்டும் மடியில. தலை மட்டும் ஓட்டறவர் பக்கமாத் திரும்பியிருந்துச்சு. யாரோ பேசறதைக் கேட்டுட்டிருக்கற மாதிரி."

உள்ளே அக்கா காபி ஆற்றும் சத்தம் கேட்டது.

"அப்போ... என் அக்காவைக் கூப்பிட்டது?"

அவர் தரையைப் பார்த்தார்.

அவர் போனதும் முதல் வேலையாக இரும்புக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தாள்.

"அந்தப் பழைய காரை உடைச்சாச்சாம்மா?"

"எங்க உடைச்சார்? பார்க்கப் பார்க்க மனசு வரலையாம். எங்க வீட்டு வாசல்லதான் நிக்குது. சரி பண்ணப் போறாராம். கடைக்கே ஒழுங்காப் போறதில்லைன்னா பாருங்களேன். இப்பவும் அதுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கார். கூப்பிடட்டுமா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எந்தப் பக்கம்... எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கார்?"

அவள் சிரித்தாள். ஜன்னலருகே போயிருக்க வேண்டும். திரைச்சீலை வளையங்கள் நகரும் சத்தம் கேட்டது.

"ஓட்டற பக்கம் இல்ல. பக்கத்து சீட்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "இதென்ன, நல்ல சட்டையெல்லாம் போட்டுட்டு... எங்க கிளம்பிட்டார்?"