மாலை கழற்றிய நாள்

எனக்கு மாலை போடப் பயம் கிடையாது. கழற்றத்தான் பயம்.

விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறேன். கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற வேலை. படிப்பு அதிகம் இல்லை. தப்பு இருந்தால் சாமிமார்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐயப்பன் எனக்குச் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் குடிகாரன். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுவிடுவேன். அதோடு குடி நிற்கும். ஊரே சாமி சாமி என்று கூப்பிடும். சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுவேன். அன்று சாயங்காலமே ஒயின்ஷாப்பில் நிற்பேன். கூட வேலை பார்க்கிறவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். வருஷா வருஷம் இப்படித்தான்.

போன தைக்கு முந்தின தையில், மாலை கழற்றின அன்று குடித்து, ரத்த வாந்தி எடுத்தேன். பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இனிமேல் குடித்தால் உயிருக்குப் பொறுப்பு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்பாசமுத்திரத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிறார்கள், அங்கே போங்கள் என்று நர்சம்மா சொன்னார். நான் போகவில்லை. பங்குனியில் மறுபடி தொட்டேன். வயிறு வீங்கியது. கார்த்திகை எப்போது வரும் என்று கிடந்தேன்.

வந்ததும் மாலை போட்டேன். போன தை மாதம் மலையிலிருந்து வந்தோம். மற்றவர்கள் மறுநாளே கழற்றிவிட்டார்கள். நான் கழற்றவில்லை. குருசாமி கேட்டார்.

"என்னவே, கழத்த மனசு இல்லையா?"

"கொஞ்ச நாள் கிடக்கட்டும் சாமி."

"அது கிடந்து என்ன செய்ய? மலைக்குப் போயிட்டு வந்தாச்சுல்லா. திங்கக்கிழமை காலையில வாரும்."

வீட்டில் என் மனைவி பார்வதியிடம் சொன்னேன். "திங்கக்கிழமையா?" என்றாள். "அன்னைக்கு நான் வேலைக்குப் போகல. வீட்டுல இருக்கேன்." அவள் கை முந்தானையைப் பிசைந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் மனசு எழும்பச் சொன்னது. எழும்பினால் உட்காரச் சொன்னது. மத்தியானம் அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினேன்.

அந்தக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. கழுத்தில் மாலை, இடுப்பில் கறுப்பு வேட்டி. இந்தக் கோலத்தில் குடிகாரர்கள் கூடுகிற இடத்தை எப்படிக் கேட்பது? டீக்கடையில், "இங்கன ஞாயித்துக்கிழமை கூட்டம் எங்க நடக்கு?" என்று மட்டும் கேட்டேன். "பஜனையா சாமி?" என்று கோயிலுக்கு வழி சொன்னார்கள். போனேன். அங்கே கதவு பூட்டிக் கிடந்தது. இன்னொரு கடையில் கேட்டேன். அவர்களும் அதே கோயிலைத்தான் சொன்னார்கள். வெயிலில் செருப்பு இல்லாத கால் சுட்டது. தெருத் தெருவாக நடந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் ஒயின்ஷாப் முன்னால் நிற்கிறேன்.

கால் தானாக வந்திருக்கிறது. மாலையைப் பிடித்துக்கொண்டேன். ஐயப்பா, நீ கழுத்தில் இருக்கும்போதே இங்கே வந்துவிட்டேன். நாளைக்கு என்ன ஆவேன்? எனக்கு வழி தெரியவில்லை. நீ காட்டு.

இவ்வளவுதான் வேண்டினேன்.

கடைப் படியில் இருந்த ஒருவர் தள்ளாடி எழும்பினார். நல்ல போதை.

"சாமி, இங்கன நிக்காதிய. பாக்கவங்க என்ன நெனைப்பாவ? போங்க சாமி."

அவரிடம்தான் முதல் தடவையாக வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னேன். "குடியை விடுதவங்க கூட்டம் நடக்காம்லா. அதத் தேடித்தான் வந்தேன் அண்ணாச்சி."

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதப் போயி டீக்கடையில கேட்டியளா சாமி? எங்ககிட்டல்லா கேக்கணும்! நான் அங்க இருந்து ஓடி வந்தவன்."

"இடம் காட்டுவியளா?"

"தள்ளியே வாங்க. குடிச்சிருக்கேன், சாமி மேல பட்டுரக் கூடாது."

அவர் முன்னால் ஆடி ஆடிப் போனார். நான் பின்னால் போனேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சந்தில் நின்றார். அங்கே ஒரு சின்னக் கட்டடம், போர்டு எதுவும் இல்லை. வாசலில் செருப்புகள் கிடந்தன.

"செருப்பு கிடக்குல்லா, அதான் அடையாளம். உள்ள போங்க."

"நீங்களும் வாங்களேன்."

"நான் வரல. எனக்கும் சேத்து ஒரு சரணம் போடுங்க." போய்விட்டார்.

உள்ளே கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். என் மாலையைப் பார்த்ததும் வயசான ஒருவர் கேட்டார். "எப்ப கழத்துதிய சாமி?"

"நாளைக்கு."

"அந்தப் பயத்துலதான் நானும் வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷமாக எனக்கு மட்டும்தான் இந்தப் பயம் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னார், "கழத்திட்டு நேரா எங்க வீட்டுக்கு வாங்க. பொழுது அடையற வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்."

மறுநாள் குருசாமி மந்திரம் சொல்லி மாலையைக் கழற்றினார். கழுத்து வெறுமையாக இருந்தது. சாயங்காலம் கூட வேலை பார்க்கிற ஒருத்தன் வந்து, "அண்ணே, கழத்தியாச்சா?" என்று இளித்தான். பார்வதியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். இருட்டும் வரை இருந்தோம். குடிக்கவில்லை. இன்று வரை குடிக்கவில்லை. வயிற்று வீக்கம் வடிந்துவிட்டது. பார்வதி சில நேரம் சிரிக்கிறாள்.

ஆசை போய்விடவில்லை. சாயங்காலமானால் கால் இன்னும் பரபரக்கும். சரணம் சொல்லிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போய்விடுவேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டத்துக்கு. ஐயப்பன் போதும் என்று இருந்தேன். மனுஷர்களிடம் போ என்று அவர்தான் அனுப்பினார். என்னைப் போலக் கழற்றப் பயப்படுகிற சாமி யாராவது இதைப் படித்தால், ஐயப்பனிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மனுஷரிடமும் சொல்லுங்கள்.

இப்போது கூட்டம் நடக்கிற அந்த வாசலில் என் செருப்பும் கிடக்கிறது. வழி காட்டின அண்ணாச்சியைக் கடைப் பக்கம் தேடிப் பார்த்தேன். காணவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அவருக்காக ஒரு சரணம் போடுகிறேன். வாசலைப் பார்த்துத்தான் உட்காருகிறேன்.