மனைவிக்கு வருமானம் இல்லை

கெலாங் பாத்தாவில் நாங்கள் பார்த்து வைத்திருந்த வீட்டில் என் பெயரையும் சேர்க்க வேண்டுமானால், எனக்கென்று தனியாக வருமான வரிக் கணக்கு இருக்க வேண்டும் என்று பேங்க்கில் சொல்லிவிட்டார்கள். முன்பணத்தில் பாதி நான் போட்டது. பெயர் இல்லாமல் விடுவேனா? இணையம் வழியாக வெளிநாட்டுப் படங்களுக்குச் சப்டைட்டில் எழுதிச் சம்பாதிக்கிறேன். சம்பளச் சீட்டு கிடையாது, முதலாளியும் கிடையாது. அதனால் சொந்தத் தொழில் என்றே பதிந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்ததும் என் கணவர் லேப்டாப்பைத் திறந்து தன் வரி விவரங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். தொழிற்சாலைச் சம்பளக்காரர், ஏப்ரலுக்குள் முடித்தாக வேண்டும். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். மனைவியோடு சேர்த்து வரியா, தனித்தனியா, அல்லது மனைவிக்கு வருமானம் இல்லையா என்று திரை கேட்டது. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் மூன்றாவதை அழுத்தினார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னங்க இது? எனக்கா வருமானம் இல்ல? போன மாசம் காருக்கு டயர் மாத்துனது யாரு காசு?"

"கத்தாத லா. எப்பவும் இப்படித்தான் போடறேன்."

"எப்பவுமா?"

அவர் அடுத்த கட்டத்தை நிரப்பத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாணமான புதிதில் நான் சும்மா இருந்தபோது போட்டதையே, நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் வருடா வருடம் போட்டு, வருமானம் இல்லாத மனைவிக்கான வரிச்சலுகையையும் வாங்கிக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

"இப்ப நீ திடீர்னு பிஸ்னஸ்னு போட்டா பழசையெல்லாம் தோண்டுவாங்க. ஃபைன் வரும். வீட்டை என் பேருல மட்டும் வாங்கிக்கலாமே? யாரு பேருல இருந்தா என்ன, நம்ம வீடுதானே?"

அபராதத்துக்குப் பயந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக என் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அவங்க தோண்டறதுக்கு முன்னாடி நாமளே போய்ச் சொல்லிடலாம். நாளைக்கு லீவு போடுங்க," என்றேன்.

மறுநாள் வரி அலுவலகத்தில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பழைய கணக்குகளைத் திருத்தலாம், நாங்களாகவே வந்து சொன்னதால் அபராதம் குறைவாகத்தான் வரும் என்றார். இனி என் வருமானத்தைத் தனியாக, தொழில் வருமானமாகக் காட்டலாம் என்றும் சொன்னார். பிறகு கீபோர்டில் விரலை வைத்தபடி, "இஸ்தெரி கெர்ஜா அப்பா?" என்று மலாயில் கேட்டார். மனைவிக்கு என்ன வேலை?

"சூரி ரூமா," என்றார் என் கணவர், பட்டென்று. இல்லத்தரசியாம்!

அந்தப் பெண்மணி தட்டச்சு செய்யாமல் என்னைப் பார்த்தார்.

"பிஸ்னஸ் செண்டிரி," என்றேன். சொந்தத் தொழில்.

காரில் ஏறியதும், "வாய் தவறி வந்துடுச்சும்மா," என்றார்.

"இத்தனை வருஷமும் கை தவறித்தான் அழுத்துனீங்களா?"

அவர் காரைக் கிளப்பாமல் என் பக்கம் திரும்பினார்.

"பேங்க்ல நான் சொல்றேன். வீட்டுக்கு உன் பேரை முதல்ல போடச் சொல்றேன்."

"நானே சொல்லிக்கிறேன்," என்றேன்.