உங்கள் அம்மா அவரை ‘ஏங்க’ என்கிறாள்

பிள்ளைகளே, அம்மாவை ஏன் மம்பாவில் இருக்கும் பெரியவள் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று போனில் ஆளுக்கொரு விதமாகக் கேட்டீர்கள். அவளிடம் கேட்டால் அழுகிறாளாம். எனக்குப் போனில் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். என்னை முழுக்க மறந்திருந்தால்கூடத் தேவலை. அவளுக்கு இப்போது நான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. செனாவாங்கில் ஜாகா வேலைக்கு, ராக்காவலுக்குப் போட்டுப்போகும் நீலச் சட்டையையும் பாக்கெட்டில் இருக்கும் பேனாவையும் பார்த்து முடிவு கட்டிவிட்டாள். ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பால்மரம் வெட்டிய காலத்தில், வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுகிற கிராணி வந்து நின்றால் யாரும் வாயில் சோறு வைக்க மாட்டார்கள். நான் சோறு பிசைந்து கொண்டுபோனால் இவளும் எழுந்து நின்றுவிடுகிறாள்.

“ஐயா, இன்னும் ரெண்டு நெரைதான் பாக்கி. அரை நாள் பேர் போட்டுராதீங்கய்யா.”

சட்டையைக் கழற்றிவிட்டுக் கைலி கட்டிக்கொண்டு போனேன். வாயைப் பொத்திச் சிரித்தாள். “கிராணி ஐயாவே கைலியில வந்துட்டாரு!” அன்றும் சாப்பிடவில்லை. மாத்திரையும் உள்ளே போகவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று.

ஒருநாள் காலையில் சுவா சாலையில் இருக்கும் பாய் கடைக்குக் கூட்டிப்போனேன். தோட்டத்து வீட்டில் நான் இருந்த மாதிரியே பாய் பனியனும் கைலியுமாகத் தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அம்மா நேராக அவரிடம் போனாள்.

“ஏங்க, பசிக்குதுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து என் பேரை அவள் சொன்னதில்லை. ‘ஏங்க’ என்றால் அது நான்தான். என் கண் முன்னாலேயே அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

பாய் குவளையைக் கீழே வைத்தார். “அண்ணே, நான் என்ன செய்யட்டும்?”

“பசின்னு சொல்லுதில்ல? குடுங்க.” கொஞ்சம் முறைப்பாகத்தான் சொன்னேன்.

அவர் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பு ஊற்றி, “சாப்புடு தங்கச்சி” என்று தட்டை நகர்த்தினார். ஒரு துண்டு மிச்சமில்லை. அவர் சொன்னதும் மாத்திரையையும் விழுங்கினாள்.

அதன்பிறகு தினமும் கூட்டிப்போனேன். அவளுக்கு உடம்பு தேறியது. எனக்கு வயிறு எரிந்தது. நான் மூலை மேசையில் உட்கார்ந்திருப்பேன். அவள் பாயின் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைக்கப் போவாள். அவர் பதறி விலகுவார். லோரி ஓட்டுகிறவன் ஒருவன், “பாய்க்கு யோகம்லா!” என்றான். பாய் கரண்டியை ஓங்கினார். “வாய மூடுடா. அது என் தங்கச்சி.” அந்த நல்ல குணமும் எனக்குப் பிடிக்கவில்லை. மனுஷன் கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

அப்போதுதான் பெரியவள் காரோடு வந்தாள். “அப்பா, எங்ககூட இருக்கட்டும். பாத்துக்க ஆள் வச்சிட்டேன்.” உடனே சரி என்றேன். இனிமேல் பாய் முகத்தை இவள் பார்க்க மாட்டாள் என்ற சந்தோஷத்தில் துணிப்பையை நானே கட்டிக் காரில் வைத்தேன்.

புறப்படும் முன் பெரியவள் இட்லி ஊட்டப் பார்த்தாள். அம்மா வாயை இறுக்கிக்கொண்டாள்.

“எங்கூட்டுக்காரரு வரட்டும்மா.”

“அப்பா இங்கதானேம்மா நிக்கிறாரு?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, “வணக்கங்கய்யா” என்றாள்.

பெரியவள் உடைந்துபோனாள். நான் அவளிடம், “மம்பாவ்ல இவ யாரு கையால சாப்பிடுவா?” என்று கேட்டேன். எனக்கும் தெரியாது. காரிலிருந்து பையை இறக்கினேன்.

அன்று பகலே பாயிடம் போய், மத்தியானச் சோற்றையும் அவரே கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“அண்ணே, உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?”

“இருக்கு. நீங்க குடுங்க.”

இதுதான் நடந்தது. நீங்கள் வரும்போது, “நான் யாரு, சொல்லும்மா” என்று அவளைச் சோதிக்காதீர்கள். பாயை அவள் எப்படிக் கூப்பிட்டாலும் திருத்தாதீர்கள். கடைக்கு வந்தால் என்னோடு மூலை மேசையில் உட்காருங்கள். தீபாவளிக்குப் பாய்க்கும் ஒரு சட்டை எடுங்கள். எனக்கு எடுப்பதைவிட நல்லதாக மட்டும் வேண்டாம்.