திரும்பாத காற்று

ஏரியைச் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றி வரப்போகிறேன் என்று போனில் சொன்னதும் அண்ணன் சிரித்தான். எங்கள் ஊர்ப் பழவேற்காடு ஏரியை இல்லை, ஹாலந்தில் ஓர் ஏரியை. ஒரு காலத்தில் அது கடல். அதன் வாயில் முப்பது கிலோமீட்டருக்கு அணை கட்டி ஏரியாக்கிவிட்டார்கள். மீன் நோய்கள் பற்றிய ஆறு மாதப் பயிற்சிக்காக நான் தங்கியிருந்த சிற்றூர் அந்த அணையின் ஒரு முனையில் இருந்தது. பயிற்சி முடிந்து விமானம் ஏறுவதற்கு நடுவில் ஆறு நாள் கிடைத்தது. ஐந்து நாளில் சுற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

"பாதியில பஸ்ஸுல ஏறித்தான் வரப்போற, பாரு" என்றான் அண்ணன்.

என் கோபம் எங்கள் குப்பம் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஒரு அடிகூட வேறு வண்டியில் ஏற மாட்டேன், முழுச் சுற்றும் என் காலால்தான் என்று கத்திவிட்டு போனை வைத்தேன். அண்ணன் பக்கத்தில் இருந்து கேட்ட நைனா, எங்கள் அப்பா, அதைக் கையோடு கொண்டுபோய் வலை சரிபார்க்கிற இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். அம்மா மறுநாள் சொன்னாள். இனிமேல் பின்வாங்க முடியாது.

சைக்கிளை வாடகைக்குக் கொடுத்தவர் அணையை முதல் நாளே கடந்துவிடச் சொன்னார். நான் கேட்கவில்லை. நல்லதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிற ஆள் நான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் மகாராணி மாதிரி வந்து இறங்க வேண்டும் என்று ஆசை. அதனால் எதிர்த்திசையில் கிளம்பினேன்.

முதல் நாள் மழை. மாற்றுத்துணி வைத்திருந்த பைதான் முதலில் நனைந்தது. இரண்டாம் நாள் பின்சக்கரம் பஞ்சர். வீடியோவில் பார்த்ததை நினைவுபடுத்தி இரண்டு மணி நேரம் போராடி நானே ஒட்டினேன். அந்தச் சக்கரம் மறுபடி உருண்டபோது தெருவில் யாரும் இல்லை, இருந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன். அன்று மாலை கூடாரம் போடும் திடலில் நெத்திலிக் கருவாடு வறுத்தேன். பக்கத்துக் கூடாரத்துக்காரர் தன் கூடாரத்தைப் பிடுங்கித் தூரமாக நட்டுக்கொண்டார். எனக்கு வெட்கமாக இல்லை, பசிதான் இருந்தது.

மூன்றாம் நாள் அறை கொடுத்த அம்மாள் எந்த ஊர் என்று விசாரித்தார். பழவேற்காடு, உங்கள் டச்சு ஆட்கள் கோட்டை கட்டிய ஊர், அவர்களில் பல பேர் இன்னும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் படுத்திருக்கிறார்கள் என்றேன். அவர் அந்தக் கல்லறைகளை நன்றாக வைத்திருக்கிறோமா என்று கேட்டார். ஆடுகள் மேயும், ஆனால் பூட்டு உண்டு என்று உள்ளதைச் சொன்னேன். காலையில் ரொட்டியோடு இரண்டு முட்டை கூடுதலாக வந்தது.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு அணையின் மறுமுனைக்கு வந்துவிட்டேன். காற்று நேராக முகத்தில் அடித்தது. நான் கவலைப்படவில்லை. எங்கள் பக்கம் கோடையில் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் கரையிலிருந்து வீசும். மத்தியானம் நெருங்கும்போது அடங்கி, திரும்பி, கடலிலிருந்து வரும். அதைப் பார்த்துத்தான் படகில் பாய் விரிப்பார்கள், துணி உலர்த்தும் பக்கத்தைக்கூட அதை வைத்துத்தான் முடிவு செய்வோம். ஆகவே அங்கிருந்த காபிக் கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, காற்று திரும்பட்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்தேன். பதினொன்று ஆயிற்று. திரும்பவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. இன்னும் பலமாக வீசியது.

கடைக்காரப் பெண் வெளியே வந்து யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் காற்று திரும்பாது, செவ்வாய்க்கிழமை வரைக்கும் இப்படியேதான் அடிக்கும் என்றாள். அன்றைக்கு வெள்ளி. எனக்கு விமானம் சனி. பஸ் வரும், சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள் என்று அன்பாகவே சொன்னாள். நாலு மணி நேரத்தை உட்கார்ந்தே தொலைத்திருந்தேன். மீனவர் வீட்டுப் பெண்ணுக்குக் காற்று தெரியாமல் போயிற்றே என்று அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தோடுதான் ஏறி மிதித்தேன்.

முதல் அரை மணியிலேயே தெரிந்தது, இது சைக்கிள் ஓட்டுவதே இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தால் சாலை ஒரே கோடாகப் போய் வானத்தில் முட்டியது. அழலாம் போல இருந்தது, கொஞ்சம் அழுதேன். அப்புறம்தான் மீன்கூடை ஞாபகம் வந்தது. கடற்கரையில் இறங்கும் மீனை மணல்மேட்டைத் தாண்டி ஏரித்துறைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோவது எங்கள் பெண்களின் வேலை. லீவு நாட்களில் நானும் சுமந்திருக்கிறேன். சுடுமணலில் துறை எங்கே என்று நிமிர்ந்து பார்த்தால் தொலைந்தோம். முன்னால் போகிறவளின் குதிகாலை மட்டும் பார்த்து நடக்க வேண்டும். இங்கே முன்னால் யாரும் இல்லை. முன்சக்கரத்தின் மட்கார்டில் சேறு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபடியே மிதித்தேன்.

அணையின் நடுவில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. தண்ணீர் குடிக்க அங்கே நின்ற நேரம் பார்த்து பஸ்ஸும் வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். உள்ளே காற்றே இல்லை. ஒரு பாட்டிலோடு சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு எண்ணம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு கையை ஆட்டி, போங்க என்று தமிழிலேயே சொன்னேன். கதவு மூடியது.

நாலரை மணிக்கு, புறப்பட்ட அதே சைக்கிள் கடை வாசலில் வந்து நின்றேன். கால் தரையில் பட்டதும் என்னையறியாமல் ஒரு கூச்சல் போட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன்.

ஊரில் அப்போது இரவு எட்டு. நைனாதான் போனை எடுத்தார். முடித்துவிட்டேன் என்றேன். சந்தோஷமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"காத்து எப்பிடி கீது?" என்றார்.

எதிர்க்காற்று, மத்தியானம் திரும்பும் என்று உட்கார்ந்து ஏமாந்தேன், திரும்பவே இல்லை, நாலரை மணி நேரமும் முகத்தில்தான் வாங்கினேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். எவ்வளவு பலம் என்று கேட்டார். பாயே கிழிந்திருக்கும் என்றேன்.

"அந்தக் காத்துல நான் படக எறக்கியே இருக்க மாட்டேம்மா" என்றார்.

முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயால் வேறு யாரும் வாங்கியதில்லை. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க உள்ளே போனபோதும் அழுதுகொண்டேதான் போனேன்.